பற்று

பதினாறு முடிந்த மறுநாள்
கொரடாச்சேரி ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
பக்கிரிசாமி கடையில் நின்றேன்.
நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

மேலே கோணலாக, கலியமூர்த்தி.
கீழே தேதி வாரியாக
அசோகா நூறு.
அசோகா நூறு, காராபூந்தி.
வெள்ளி ஒன்றுமில்லை,
அன்று திருவாரூரில் ரத்தம் கொடுத்த நாள்.
சனி, அசோகா இருநூறு.

அண்ணி அளந்து ஊற்றிய கேழ்வரகுக் கஞ்சியை
முகம் சுளிக்காமல் குடித்தவன்.
"எப்படி மாறிட்டாரு பாரேன்" என்று
போனில் பூரித்துப்போவாள்.

வெண்ணாற்றில் தண்ணீர் வந்த அன்று
அப்பா கொண்டுவரும் ஒற்றைப் பொட்டலத்தை
கரண்டிக் காம்பால் கோடு கிழித்து நான்காக்குவான்.
பெரிய பங்கு அவனுக்கு.
கோடு கிழித்த கூலியாம்.
அழுதால், இலையை என்னிடம் நீட்டுவான்:
"நெய்யெல்லாம் இதுலதாண்டி இருக்கு."
நம்பி நக்கியிருக்கிறேன்
ஒன்பது வயதுவரை.

நானூற்று எண்பது ரூபாய்.
வேண்டாம் என்று கைகூப்பினார்.
கல்லாவில் வைத்தேன்.
வரிவரியாக அடித்துக்கொண்டு போனார்,
கடைசி வரியில் பேனா எழுதவில்லை,
உதறினார், ஊதினார்.

சட்டியில் ஆவி பறந்தது.
நூறு கிராம் கேட்டேன்.
கேட் மூடி
காரைக்கால் வண்டி போகிறவரை
நின்றபடியே தின்றேன்.
அண்ணியிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

சில்லறைக்கு முந்தானையை அவிழ்த்தவள்
மறுபடி முடிந்துகொண்டேன்.
"எழுதிக்குங்க, அவன் பேருலயே."

இலையில்
நெய் இருக்கத்தான் செய்தது.