பன்னிரண்டு மணித்தியாலம்

இரவு ஒன்பதுக்குக் குளிசை.
காலை ஒன்பதுக்கு வெள்ளவத்தை லாப்பில்
கை நீட்ட வேண்டும்.
இடையில் நடந்ததைக்
குழாய்க்குள் போகிற ரத்தம் சொல்லும்.

லிதியத்தைக் கல்லீரல் தொடாதாம்.
உடைக்க அதில் ஒன்றுமில்லை,
அதுவும் ஓர் உப்புத்தான்.
வந்தபடியே போகும்,
சிறுநீரகம் விட்டால்.

வியர்த்து உப்பிழந்த நாளில்
சிறுநீரகம் ஆளை மாற்றிப் பிடிக்கும்.
சோடியம் என்று நினைத்து
இதை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும்.
சித்திரை வெயிலில் அலையாதேங்கோ என்று
டொக்டர் துஷ்யந்தி சொன்னது அதுக்குத்தான்.
காலி வீதியில் நின்றேன்.
மூன்று பஸ் நிற்காமல் போயின.

நேற்று பிளேன்ரீ சோசரில் தளும்பியது.
“கை நடுங்குதே அண்ணை”
என்றான் கடைப் பெடியன்.
குளிரென்று பொய் சொல்லக்
கொழும்பில் வழியில்லை.

தாதி பெயர் கேட்கிறாள்.
ஊசி ஏறுகிறது.
யன்னலுக்கு வெளியே தண்டவாளம்,
அதற்கப்பால்
லிதியமும் கொஞ்சம் கரைந்து கிடக்கிற கடல்.
அதுக்கு யாரும் அளவு பார்ப்பதில்லை.

போன மாசியில்
அதன்மேல் நடந்து போகலாமென்று
சப்பாத்தைக் கழற்றி
ஒழுங்காக அடுக்கி வைத்தவன் நான்.