வழுவமைதி

கொட்பேயில், ஐஸ் ஆலையின் மேல்மாடியில்
எனக்கு இரண்டு யன்னல்.
ஒன்று மரம். உப்புக் காற்றில் ஊதிச்
சாத்த முடியாமல் நிற்கிறது.
மற்றது நான் எழுதியது:
கறுப்புத் திரையில் படகுக்கொரு சின்ன யன்னல்,
உள்ளே பெயர், டீசல், கடைசியாய்ப் பேசிய நேரம்.
நாற்பத்தொரு படகு.

ஒரு வியாழன், விடியப்புறம் மூன்று பத்துக்கு
நாற்பத்தொன்றும் ஒரே மூச்சில் அணைந்தன.
ஒரு வரி மட்டும் மிச்சம்:
அப்படியொரு யன்னல் இல்லை.
கோரிக்கை இலக்கம் 8214.
சொல்லிவிட்டு நிரல்
எழும்பிப் போய்விட்டது.

வரி வரியாய் இறங்கித் தேடினேன்.
அது விழுந்த இடத்தில் பிழை இல்லை.
அதற்கு முந்தின வரியிலும் இல்லை.

இந்த நூலகத்தின் குணம் அப்படி
(நூலகம் என்று பெயர், ஒரு புத்தகமும் கிடையாது):
நீ கேட்பதை உடனே கொண்டுபோகாது.
பையில் போட்டு வைத்து
பை நிறைந்த பிறகு அனுப்பும்.
நீ அதற்குள் இருபது வரி தாண்டி
வேறு படகுக்குப் பச்சை பூசிக்கொண்டிருப்பாய்.
பின்னாலிருந்து யாரோ தோளைத் தட்டி
‘முன்னம் கேட்டியே, அந்த வீட்டில ஆளில்லை’ என்பான்.
எந்த வீடு என்று நீ திரும்புமுன்
கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவான்.

‘தள்ளவிடாதை’ என்றான் முஸம்மில்.
‘வழு வந்தால் பிடிக்க ஒரு சார்பு எழுது.
உள்ளுக்கு ஒண்டும் வேண்டாம்.
பூச்சியத்தைத் திருப்பி அனுப்பு, காணும்.’
மூன்று வரி. எழுதினேன்.
பிறகு ஒரு கிழமை
திரை, காற்றில்லாத காலையில்
உள்துறைமுகத் தண்ணீர்.

எட்டாம் நாள் கொன்சலற்றா அக்கா படியேறி வந்தா.
கையில் மீன் செதில், முகத்தில் நித்திரையில்லை.
‘அவள் எங்க?
எல்லாரும் நிக்கினம், அவளை மட்டும் காணேல்லை.’

அவள் என்றது படகை.
பத்தாம் வகுப்பு இலக்கணம் ஏனோ அப்போது வந்தது:
அஃறிணையை அவள் என்பது வழு.
அன்பு மிகுந்து சொன்னால் வழுவமைதி.
பிழைதான்; ஏன் வந்தாய் என்று கேட்டு
உள்ளே விடலாம்.

நான் யாரையும் கேட்டிருக்கவில்லை.

ஆறு மணித்தியாலம் பேசாத படகின் யன்னலை
வானொலிப் பக்கத்து நிரல் மூடிவிடும்.
அவளுடையதும் ஞாயிறு மூடப்பட்டிருந்தது.
ஞாயிறு இரவே அவள் திரும்பப் பேசியிருக்கிறாள்.
மணிக்கொரு தரம், நான்கு நாள்:
இயந்திரம் சூடு. டீசல் குறைவு. மெதுவாய் வாறம்.
நான் ஒவ்வொன்றையும்
இல்லாத யன்னலில் எழுதியிருக்கிறேன்.
ஒவ்வொரு முறையும் தோளைத் தட்டியிருக்கிறான்.
மூன்று வரியும் ‘சரி சரி’ என்றிருக்கின்றன.

யன்னலைத் திரும்பத் திறந்தேன்.
கொட்டியாரக் குடா வாயில்.
நாற்பது நிமிடத்துக்கு முந்தின பேச்சு.
அக்கா திரையைத் தொட்டா. ஏசவில்லை.
ஏசியிருக்கலாம்.
கண்ணாடியில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது.

இப்போது அந்தச் சார்பு நீளம்.
அதற்குள் நின்று திரையோடு பேசக்கூடாது, அது விதி;
எந்தக் கோரிக்கை, எந்த யன்னல், என்ன குறை
என்று குறித்துக்கொண்டு திரும்பவேண்டும்.
சந்தேகமான இடத்தில் மட்டும்
பையைக் கொட்டி அனுப்பிவிட்டு
பதில் வரும்வரை நிற்கிறேன்.
எல்லா இடத்திலும் நின்றால்
திரை கிழட்டு மாடு மாதிரி நடக்கும்.

இணைப்பே அறுந்தால் வேறு கணக்கு.
அதற்கும் ஒரு சார்பு உண்டு,
போனால் திரும்ப வழியில்லை.
அதில் ஒரே ஒரு வரி வைத்திருக்கிறேன்:
படகுகளின் பெயரை எழுதிவிட்டுச் சாகச் சொல்லி.

நேற்றிரவுக் குறிப்பில் பதினேழு வழு.
பதினாறுக்குக் காரணம் தெரியும்.
மரயன்னலால் ஐஸ் நொறுக்கும் சத்தம் வருகிறது.
பிளேன்ரீ ஆறுகிறது.
பதினேழாவதைத் திறந்து வைத்துக்கொண்டு
இருக்கிறேன்.