அரைப்புள்ளி

பழைய கொப்பியின் கடைசி வரி இப்படி நிற்கிறது:
"இன்றைக்கு மழை. ஏழாம் நம்பர் மலையில்"
அதற்கு மேல் ஒன்றுமில்லை.
யார் விழுந்தார், எது பூத்தது,
எழுதியவனுக்கே ஞாபகமில்லை.
ஒன்பது வருஷமாய் அந்த வாக்கியம்
தூக்கிய காலை ஊன்றாமல் நிற்கிறது.

அந்த ஒன்பது வருஷமும் கவ்வாத்து வெட்டினேன்.
பொகவந்தலாவையில் பனி விலகுமுன்
கத்தியைத் தீட்டிக்கொண்டு பிரட்டுக்களத்தில் நிற்பேன்.
இருநூற்றைம்பது செடி என்றால் ஒரு பேர்.
இருநூற்று நாற்பது என்றால் அரைப்பேர்.
பத்துச் செடிக்குப் பாதி மனுஷன் குறைந்துபோவான்.
கணக்கப்பிள்ளை தலை நிமிராமல் கேட்பார்: "பேரு?"
முழுசாகச் சொல்வேன், தகப்பன் பேரோடு:
சடையன் மகன் கதிரேசன்.
அவர் பாதியை எழுதிக்கொள்வார்.

தோள்மூட்டு நழுவியது போன வருஷம் மார்கழியில்.
ஆறு வாரம் கத்தி தொடாதே என்றார்கள்
டிக்கோயா ஆஸ்பத்திரியில்.
ஆறு வாரம் காம்பராவுக்குள் ஒரு ஆம்பிளை என்ன செய்வான்?
தவமலரின் தோடு நோர்வூட்டில் அடகுக்குப் போய்
பழைய லெப்டொப்பாகத் திரும்பி வந்தது.
அதில் ஒரு விசை இல்லை.
இருந்த இடத்தில் ரப்பர் முளை ஒன்று துருத்தும்,
நகத்தால் குத்தவேண்டும்.

தண்ணி டாங்கிப் பக்கம்தான் சிக்னல்.
கால்விரல் இடுக்கில் சவர்க்காரம் பூசிக்கொண்டு
குடைக்குள் பாடம் படித்தேன்.
பிரான்சிஸ் எட்டிப் பார்த்துக் கேட்டான்:
"இதுல நாளைக்கு எத்தன செடிடா?"

அட்டனில், துணிக்கடை மாடி வகுப்பில்,
என்னைவிடப் பத்து வயது இளைய பர்ஹானா
திரையில் விரல் வைத்துச் சொன்னாள்:
"அண்ணே, எல்லாம் சரி.
இந்த இடத்துல ஒரு அரைப்புள்ளி இல்ல.
அதான் ஒண்ணுமே ஓடல."

அரைப்பேர் தெரியும் எனக்கு.
அரை ராத்தல் பாண் தெரியும்.
அரைப்புள்ளியை அன்றைக்குத்தான் சந்தித்தேன்:
மேலே ஒரு பொட்டு,
கீழே நெளிகிற ஓர் அட்டை.
இல்லாத விசையும் அதுதான்.
நூற்றுப் பதினெட்டு வரியும் அதற்காகக் காத்து நின்றன.
ஒரு பாதிக்கு இவ்வளவு மரியாதை
நான் எங்கேயும் பார்த்ததில்லை.

சித்திரையில் வேலை கிடைத்தது.
கதவில் விரல் வைத்தேன், தெரியாது என்றது.
மறுபடி வைத்தேன், தெரியாது.
ரேகை தேய்ந்துவிட்டதாம்.
கடைசியில் இடக்கைச் சுண்டுவிரல் ஒத்துக்கொண்டது,
கத்தி அறியாத ஒரே விரல்.

சம்பளம் கூட இல்லை. முதல் மூன்று மாதம் குறைவுதான்.
தவமலர் இன்னும் கொழுந்துக்குப் போகிறாள்.
அவள் வந்து கூடையை இறக்கும் சத்தம் கேட்டால்
நாற்காலியிலிருந்து எழுந்துவிடுகிறேன்,
ஏனென்று தெரியாமல்.

பகலெல்லாம் எழுதுகிறேன்.
அப்படியானால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி,
முடியும்வரை திரும்பத் திரும்ப.
அதில் எங்கேயும் மழை பெய்வதில்லை.
அதனால்தான் நேற்று ராத்திரி
டிரங்குப் பெட்டி மேலிருந்து கொப்பியை இறக்கினேன்.
கரப்பான் தின்றது போக மீதி இருந்தது.

"ஏழாம் நம்பர் மலையில என்ன நடந்திச்சு?"

கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள் தவமலர்:
"அன்னைக்கு ஒனக்கு அரைப்பேரு.
வந்ததும் எழுத ஒக்காந்த. பாதியில எந்திரிச்சு
கொப்பியத் தூக்கிப் பொட்டி மேல வெச்சிட்ட.
சோறும் திங்கல."

பிறகு தூங்கிப்போனாள்.
தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது.
ஏழு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.
பேனா விரலில் நிற்கவில்லை, வழுக்கிற்று.
இறுக்கிப் பிடித்தேன், கத்தியைப் பிடிப்பதுபோல்:

"இன்றைக்கு மழை. ஏழாம் நம்பர் மலையில்
பத்துச் செடி மிச்சம்;