நாலே கால் அடி

பங்கு வழக்குக்கு எண் விழுந்து முப்பத்தோராம் வருஷம்
கோர்ட் என்னை அனுப்பியது,
வீட்டை அளந்து படம் போட்டுக் கொடு என்று.
பதினோரு வாரிசு. ஆளுக்கொரு வக்கீல்.
சாவி ஒன்றுதான், அதுவும் வளைந்தது.

அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில்
இரண்டு மொபைல் கடைகளுக்கு நடுவே
தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறது.
முகப்பு பதினெட்டடி; உள்ளே போகப் போக
முடியாத வாக்கியம் மாதிரி நீளம்.
நெற்றியில் சுண்ணாம்புப் பூக்களுக்கிடையே 1887.
ஜன்னல்களின் மேல் கூரான மரச்சட்டம்,
மங்கி டாப் என்பார்கள் கன்டோன்மென்ட்டில்,
எந்தக் குரங்கும் போட்டுப் பார்க்காத தொப்பி.

கட்டியவர் ஆபத்சகாய முதலியார்,
பட்டாளத்துக் குதிரைகளுக்குக் கொள்ளு சப்ளை.
கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது பழமொழி.
இங்கே கொள்ளுதான் முதலில்,
கொழுப்பு பிறகு:
பாதத்தில் கிளாஸ்கோ என்று பொறித்த இரும்புத் தூண் நான்கு,
தேக்கு விட்டத்தின் மேல்
செங்கலைச் செங்குத்தாய் அடுக்கிக் காரை இறுக்கிய மெட்ராஸ் டெரஸ்,
நடந்தால் நம் பாதத்தை நமக்கே காட்டும் சிவப்புத் தரை.
கூடத்தில் மட்டும் வரிசை வரிசையாய்ப் பள்ளங்கள்.
எழுபதுகளில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வாடகைக்கு இருந்ததாம்;
ஏ எஸ் டி எஃப் என்று அதிர்ந்த மேசைக் கால்கள்.

வெளியே எழுபத்தொன்றரை அடி.
உள்ளே அறைகள், சுவர்களின் கனம், எல்லாம் கூட்டினால்
அறுபத்தேழே கால்.
மறுபடி அளந்தோம்.
டேப்பின் மறுமுனையில் சிலுவைராஜ் சொன்னான்:
"வீடு பொய் சொல்லுது மேடம்."

மாடி அலமாரிக்குப் பின்னால் தட்டினேன்.
சுண்ணாம்பு வீட்டில் அங்கே மட்டும் சிமென்ட்.

உடைக்க அனுமதி வாங்க இரண்டு மாதம்.
புதையல் என்று ஏழாவது வாரிசு மனுப் போட்டார்.
அந்த நாளில் பதினொருவரும் வந்தார்கள்,
ஒருவர் தராசோடு.

செங்கல் சரிந்தது.
ஒரு கருங்கல் படிக்கட்டு.
கொல்லைச் சந்திலிருந்து சுழன்று மாடிக்கு ஏறுவது.
எந்த அறைக்கும் அதில் கதவில்லை.
மேலே, தரைமட்டத்தில்,
வாளி நுழையும் அளவுக்கு ஒரு தகர மூடி,
அவ்வளவுதான்.
பாதாளச் சாக்கடை வந்த வருஷம்
வேலை முடிந்ததென்று
படியோடு சேர்த்து அடைத்திருக்கிறார்கள்.
காய்ந்துபோன கல். வாசனையென்று ஒன்றுமில்லை.
இருந்தும் பதினொருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்,
யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

அவர்கள் போன பிறகு
நானும் சிலுவைராஜும் டார்ச் வைத்து அளந்தோம்.
முன்கூடத்துத் தேக்குப் படி,
கல்யாண ஊர்வலங்களும் கலெக்டர்களும் ஏறியது,
தேய்மானம் கால் அங்குலத்தில் பாதி.
இந்தக் கல்லில் முக்கால் அங்குலம்.
இறங்கும் விளிம்பில்தான் அதிகம்.
ஏறும்போது வெறும் வாளி.

திருப்பத்தில் ஓர் ஆணி,
சுற்றிலும் விளக்குப் புகையின் கரிவட்டம்.
படியிலிருந்து மூன்றே முக்கால் அடி.
சிலுவைராஜ் குனிந்துதான் தொட முடிந்தது.
அந்த உயரத்துக்கு என்ன வயதிருக்கும் என்று
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.
எழுதிக்கொண்டேன்: ஆணி, 1.

அடுத்த வாரம் சதுர அடி விலை விசாரித்துவிட்டு
அந்த நாலே கால் அடியும் எங்களுக்குத்தான் என்று
பதினோரு மனு.

படத்தில் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுத வேண்டும்.
கூடம், பூஜை அறை, ஆபீஸ் ரூம்
எல்லாம் எழுதிவிட்டு,
தேக்குப் படிக்கு 'உப படிக்கட்டு' என்றும்
இதற்கு 'பிரதான படிக்கட்டு' என்றும் எழுதினேன்.

ஆட்சேபணை எழுந்தது.
எதை வைத்து, என்று கேட்டார் நீதிபதி.
நான் அளவுப் புத்தகத்தைத் திறந்து
பக்கத்தைக் காட்டினேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி போட்டுக்கொண்டு படித்தார்:
முக்கால் அங்குலம்.