முழுவதும் குடித்தார்

பதிவேட்டில் இருப்பது என் கையெழுத்துதான்.
காலை எட்டு: கஞ்சி, முழுவதும் குடித்தார்.
பதினொன்று: தண்ணீர், ஒரு டம்ளர், முழுவதும்.
மாலை நான்கு: டீ, முழுவதும்.
காலி டம்ளரைப் பார்த்து எழுதியது.
குடித்த வாயைப் பார்த்து அல்ல.

குன்னூர் ஜனவரியில் தாகம் தெரியாது.
வேர்வை கிடையாது.
பத்து மணிக்கு வரும் வெயில்
இரண்டுக்கெல்லாம் மலைக்குப் பின்னால் போய்விடும்.
குழாய்த் தண்ணீர் பல்லைக் கூசும்.
எனக்கே ஒரு நாளில் இரண்டு டம்ளர் இறங்கினால் அதிகம்.

முதலில் டெல்ஃபினா டீச்சரின் மோதிரம்.
சாம்பார் வாளிக்குள் விழுந்து
கரண்டியில் டங்கென்று மோதியது. சிரித்தோம்.
மோதிரத்துக்கு அடியில் நூல் சுற்றிக்கொண்டார்.
அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் நூல்.
நூல்கண்டு எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.
இளைத்தது விரல் என்று உறைக்கவில்லை.

பிறகு பெள்ளி கவுடரின் பல்செட்.
அவர் ஒன்று பேச, அது ஒன்று பேசியது.
கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார்.
சப்பாத்தி நாட்களில் தட்டு சுத்தமாகத் திரும்பி வந்தது.
துவைக்க எடுத்த ஸ்வெட்டர் பைக்குள்
நான்காய் மடித்த சப்பாத்தி, கல்லாக.
அதையும் நான் ஒரு கதையாகத்தான்
சமையலறையில் சொன்னேன்.

ஆறாம் எண் அறை, ஞானாபரணம் சார்.
மலை ரயிலில் முப்பத்தொரு வருஷம் ஃபயர்மேன்.
கொதிகலனில் தண்ணீர் எந்த மட்டம் என்று
கண்ணாடிக் குழாயை விட்டுக் கண்ணெடுக்காதவர்.
இரவில் திடீரென எழுந்து உட்கார்ந்து கேட்பார்:
“ஹில்குரோவ் வந்துடுச்சா? தண்ணி பிடிக்கணும்.”
வயசாச்சு, ரயில் ஞாபகம் என்று
போர்த்திப் படுக்க வைத்தோம்.
நான்கு இரவு கேட்டார்.
நான்கு இரவும் போர்த்தினோம்.

அவர் ஜன்னலில் ஒரு ஜெரேனியம் தொட்டி.
இலை மஞ்சளடித்துக்கொண்டே வந்தது.
வெயில் போதவில்லை போலும் என்று
நகர்த்தப் போனேன். தூக்க முடியவில்லை.
மண் சேறாயிருந்தது.
விரலை விட்டால் இஞ்சி, ஏலக்காய் வாசனை.
என் டீ.
என் பதினொரு மணித் தண்ணீர்.
வேர் அழுகும் அளவுக்கு முழுவதும்.

திரும்பி அவரைப் பார்த்தேன்.
அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.
உதட்டோரம் வெடிப்பு. நாக்கில் வரி வரியாகக் காய்ச்சல்.
புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டேன்,
கிள்ளின இடத்திலேயே நின்றது.
கட்டிலடிப் புட்டியில் கட்டங்காப்பி நிறத்தில்
இரண்டு விரற்கடை.

“ஏன் சார்?”
சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
“நீதானேம்மா அன்னைக்கு வராந்தாவுல சொன்னே.”

சொன்னேன்.
நான்காம் கட்டிலின் ஈரப் போர்வையைச் சுருட்டிக்கொண்டு,
யாரிடமும் இல்லாமல், கொஞ்சம் உரக்க:
மூணு நாளா மஞ்சு மூடிக் கெடக்கு,
ஒண்ணும் காயல, இதுல இது வேற.
ஆறாம் அறைக் கதவு திறந்திருந்தது.
அங்கிருந்து கழிவறைக்கு இருபத்திரண்டு அடி,
வெறும் சிமெண்ட் தரை, இரவில் ஐஸ்.
எண்ணி வைத்திருந்தார்.

அன்று மாலையே ட்ரிப் ஏறியது.
பீரோவுக்கு மேலிருந்த எடை மெஷினை இறக்கி
பேட்டரி வாங்கிப் போட்டார்கள்.
நவம்பரிலிருந்து டீச்சர் ஏழு கிலோ.
கவுடருக்குக் குழைய வேகவைத்த கீரையும் களியும்.
சாரின் கட்டிலோரம் ஓட்டை நாற்காலி ஒன்று,
முன்னால் ஒரு திரைச்சீலை.
என் வாய்க்குத் திரை கிடையாது;
அதை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அவரோடு நானும் உட்கார்ந்து குடிக்கிறேன்.
வெந்நீர், சின்ன டம்ளர், மணிக்கொரு தடவை.
அவர் கண் என் டம்ளரின் மட்டத்தில் நிற்கிறது.
“உனக்கு இறங்கவே இல்லையேம்மா.”

இன்று காலை எழுதினேன்.
ஆறாம் எண்: கால் டம்ளர். மீதி வேண்டாமென்றார்.
பத்து நிமிஷம் கழித்து இன்னொரு வாய்.
அதற்கென்று கட்டம் இல்லை,
ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.