ஏழுக்கு ஏழு

ஏழு நாள் செம்புச் சுரங்கத்துக்கு,
ஏழு நாள் எங்களுக்கு.
கலாமாவில் பாதி ஊருக்கு இதுதான் குடும்பக் கணக்கு.
ஃபிரிட்ஜில் ஒட்டிய காலண்டரில்
அவன் இருக்கும் நாட்களுக்கு நீலம் தீட்டுவான் மகன்.
பார்த்தால் பாதிக்குப் பாதி என்றுதான் தோன்றும்.

நான் வேறு விதமாக எண்ணுகிறேன்.
முதல் நாள் தூக்கத்துக்கு.
இரண்டாம் நாள் தூக்கம் வராததற்கு.
மூன்றாம் நாள்
கரண்டி தட்டில் உரசினாலும்
எள்ளும் கொள்ளும் வெடிக்கும் அவன் முகத்தில்.
நான்காம் நாள் சாயங்காலம் எதற்கோ சிரிப்பான்.
"அமாரோ, அப்பா வந்தாச்சு" என்று
கத்தத் தோன்றும் எனக்கு.
ஐந்து, நல்ல நாள்.
ஆறாம் நாள் மதியத்திலிருந்தே
பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடுவான்.
ஏழாம் நாள் பஸ்.

அவன் ஓட்டும் லாரியின் சக்கரம்
எங்கள் வீட்டுக் கூரையைவிட உயரம்.
கண்ணெதிரே ஒரு சின்னக் கேமரா:
இமை இரண்டு நொடி கூடுதலாக மூடியிருந்தால்
இருக்கை அதிரும்,
எங்கோ ஓர் அறையில் மணி அடிக்கும்,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.
எவ்வளவு அக்கறை!
இங்கே சாப்பாட்டு மேசையில்
கண் திறந்தபடியே காணாமல் போகிறான்,
எந்த மணியும் அடிப்பதில்லை.

நானும் ஒன்றும் சாந்த சொரூபி இல்லை.
மருந்துக்கடை கவுன்ட்டரில் எட்டு மணி நேரம்
ஊரார் இருமலை வாங்கிக்கொண்டு வருகிறேன்.
குழாய் ஒழுகல், பள்ளிக் கூட்டம், நள்ளிரவுக் காய்ச்சல்
எல்லாம் ஒற்றை ஆளாய்ப் பழகி நிமிரும்போது
ஓர் ஆள் வந்து
"கத்திரிக்கோலை ஏன் இங்கே வெச்சே?" என்கிறான்.

போன மாதம் அந்தக் கத்திரிக்கோலுக்காக
ராத்திரி இரண்டு மணிவரை சண்டை.
அவனுடைய அம்மா, என்னுடைய அக்கா,
வாங்காத நிலம், வேண்டாமென்று விட்ட இரண்டாவது குழந்தை,
எல்லோரும் அதன் இரண்டு வளையங்களிலும்
நுழைந்து நுழைந்து வெளியே வந்தார்கள்.
காலையில் அது சமையலறைக் கொக்கியில் தொங்கியது.
யார் மாட்டியது என்று யாரும் கேட்கவில்லை.

மகன் எங்களைக் காதால் படித்துவிட்டான்.
கதவருகே பூட்ஸ் கழற்றும் சத்தம்:
இரண்டும் அடுத்தடுத்து விழுந்தால் ஓடிப் போவான்.
ஒன்று விழுந்து
மற்றது விழ நேரமானால்
டி.வி. ஒலியைக் குறைத்துவிட்டுத்
தன் அறைக்குப் போவான்.
எட்டு வயது.
யாரும் சொல்லித் தரவில்லை.

கம்பெனியிலிருந்து யெசெனியா வந்தாள்,
ஆளுக்கொரு படிவம், ஆளுக்கொரு பேனா.
குடும்ப வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி?
ஒன்றிலிருந்து ஐந்துவரை.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
ரொம்ப நேரம் நின்று
மூன்றில் வட்டம் போட்டேன்.
எட்டிப் பார்த்தேன், பார்க்கக் கூடாதுதான்.
ஃபெர்மின் ஐந்தில் போட்டிருந்தான்.

அவள் போனபிறகு கேட்டேன்:
"யார் குடும்பத்துக்கு மார்க் போட்டே?"
கோபப்படுவான் என்று நினைத்தேன்.
நகத்துத் தூசியைப் பார்த்தபடி சொன்னான்:
"மேலே, ராத்திரி மூணு மணிக்கு
லாரிக்கு லோடு ஏறும்போது நினைச்சுப் பார்ப்பேன்.
அங்கேருந்து பார்த்தா அஞ்சுதான்."
"இங்கேருந்து?"
பதில் இல்லை.
நீ எவ்வளவு போட்டாய் என்று
அவன் கேட்கவும் இல்லை.

நேற்று பஸ் தாமதம்.
முதல் பூட்ஸ் விழுந்தது.
அமாரோ ரிமோட்டைத் தேடினான்.
என்ன தோன்றியதோ, நான் போய்த் தரையில் உட்கார்ந்து
மற்றதைப் பிடித்து இழுத்தேன்.
வரவில்லை.
ஏழு நாள் தூசியில் கயிறு இறுகிக் கிடந்தது.
இருவரும் குனிந்து
முடிச்சின் நுனி எது என்று தேடினோம்.
அவன் சட்டையில் பஸ்ஸின் வாடை.

"கத்திரிக்கோல் எடுத்துட்டு வரவா?" என்றான் மகன்.

முதலில் சிரித்தது நானா அவனா, தெரியவில்லை.
"கொக்கியில இருக்கு" என்றான் ஃபெர்மின்,
"ஆனா வேண்டாம்."

இன்று தூங்குகிறான்.
மூன்றாம் நாள் இனிமேல்தான்.
கரண்டிகளைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.