வரைபடம் ஒன்று, மடித்தது

ரூர்க்கியிலிருந்து மின்னஞ்சல். இரவு பதினொன்று நாற்பது.
"வணக்கம். உங்கள் கல்லூரித் தளத்தில்
பல்லடம் வட்டாரக் கிணறுகள் ஆய்வேட்டைப் படித்தேன்.
ச. இராக்கியண்ணன், 1971.
எண்பத்தெட்டாம் பக்கத்துக்கு அடுத்த வரைபடத்தைக்
கொஞ்சம் விரித்துக் காட்ட முடியுமா?
மெஹருன்னிசா, ஆய்வு மாணவி."

திரையில் நானும் பார்த்தேன்.
மடித்த வாக்கிலேயே பிடித்திருக்கிறார்கள்.
வெள்ளையாக ஒரு முதுகு,
அதன் ஓரத்தில் அரைக் கிணறு.

நாக் குழு வருவதற்கு முன்னால்
பீளமேட்டிலிருந்து ரெண்டு பையன்கள் வந்தார்கள்.
பக்கத்துக்கு நாற்பது பைசா.
விரித்தாலும் அதே காசு, விரிக்காவிட்டாலும் அதே காசு.
இருபத்தாறு நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஆய்வேடு.
அறிக்கையில் "முழுமையாக" என்று சேர்க்கச் சொன்னார் முதல்வர்.
சேர்த்தேன். கீழே என் கையெழுத்துதான்.

காலையில் பின்னறையைத் திறந்துவிட்ட வெள்ளியங்கிரி
பூட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.
"ஏனுங் மேடம், எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னாங்க,
அப்புறம் எதுக்குங் எனக்கு இந்தச் சாவி?"

மூன்று மேசை சேர்த்துப் போட வேண்டியிருந்தது.
எட்டு மடிப்பு.
மூலைக்கொன்றாய் வைக்க
ஓரங்கட்டிய அட்டவணைப் பெட்டிகள் உதவின,
அட்டைகள் உள்ளேயே இருந்ததால் நல்ல கனம்.
நூற்பாலைப் பஞ்சு சன்னல் வழியாக வந்து
அவிநாசிப் பக்கமாக உட்கார்ந்தது. ஊதினேன்.

இராக்கியண்ணன், நீங்கள் யாரோ,
சைக்கிளில்தான் போயிருப்பீர்கள்.
ஒவ்வொரு கிணற்றுக்கும் நீலத்தில் ஒரு வட்டம்,
பக்கத்தில் ஆழம், அடிக்கணக்கில்.
தண்ணீர் இல்லையென்றால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி.
தெற்கு மூலையில், பென்சிலில், பொடி எழுத்தில்:
"இங்கே நாய் துரத்தியது. நாளை மறுபடி."
உங்களுக்குப் பட்டம் கொடுத்தவர்கள்
இதை விரித்துப் பார்த்தார்களா தெரியவில்லை.

முக்காலி மேல் ஏறினேன். வெள்ளியங்கிரி பிடித்துக்கொண்டார்.
ஒரே படமாய் எடுத்தால் எண்கள் கொசுவாகின்றன.
மடிப்புக்கொன்றாய் எட்டுப் படம் எடுத்தேன்.
மின்னஞ்சல் கனம் தாங்காது என்றது,
இரண்டிரண்டாய் அனுப்பினேன்.

ரூர்க்கியில் ஒட்டி எண்ணியிருக்கிறாள்: இருநூற்றுப் பதினொன்று.
பல்லடம் சாலையில் நாங்கள் எண்ணியது: இருநூற்றுப் பன்னிரண்டு.
"மறுபடி எண்ணினேன் மேடம், பதினொன்றுதான்."
"மறுபடி எண்ணினோம் அம்மா, பன்னிரண்டுதான்."
ஆய்வேட்டின் உள்ளே அவர் எழுதியிருப்பதோ
"ஏறத்தாழ இருநூறு".

மூன்றாம் நாள் காணொளி அழைப்பு.
போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு
மற்றக் கை விரலை மடிப்பின் மேல் நகர்த்தினேன்.
"மெதுவா மேடம்... இன்னும் மெதுவா..."
நின்றது.
கரட்டுத்தோட்டம்.
தாள் தேய்ந்து நூலாய் நிற்கும் இடத்தில்
பாதி வட்டம் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.
இரண்டு படத்திலும் அது ஓரத்துக் கறையாகத்தான் விழுந்திருந்தது.
ஆழம் படிக்க முடிகிறது, தொண்ணூற்றாறு.
நடுவில் இருப்பது புள்ளியா,
பூச்சி அரித்த ஓட்டையா?
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
அவள் அங்கே மூச்சை அடக்கியிருந்தாள்.
தெரியவில்லை.

அடிக்குறிப்பை எனக்கு அனுப்பிக் கேட்டாள், சரியா என்று:
"ஒரு கிணறு; நீர் இருந்ததா என்று அறிய இயலவில்லை.
நூலகர் விரலால் காட்டியது."

சரி என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

குழு போய்விட்டது, அறிக்கையைத் திருத்த வழியில்லை.
மென்பொருளில் மடிப்புக்கென்று கட்டம் இல்லை.
"பிற குறிப்பு" என்ற இடத்தில் எண்பது எழுத்து அனுமதி,
தட்டி வைத்தேன்:
வரைபடத்தை விரித்துப் பார்க்கவும். சாவி வெள்ளியங்கிரியிடம்.

மீதி முந்நூற்றுப் பதினொன்றில் எத்தனை மடிப்போ,
இன்று மூன்றாவது அலமாரி.